பதினோரு மாதம் ஆகியும் ஒட்டவில்லை: புது இடம் எப்போது நம் இடமாகும்?

கேள்வி, பிப்ரவரி 2, மாலை 6.10

இடம் மாறி வந்து பதினோரு மாதம் ஆகிறது. வேலையில் குறையில்லை, வீட்டில் குறையில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் யார் வீட்டிலோ விருந்தாளியாகத் தங்கியிருப்பது போலவே இருக்கிறது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வரும்போதுகூட யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் வரவேண்டுமோ என்று தோன்றுகிறது. இது எப்போது போகும்? போகுமா?

ஒருவரின் பதில்கள், பிப்ரவரி 2, இரவு 9.40

போகும். பதினோரு மாதமெல்லாம் ஒரு கணக்கா? நான் இதுவரை நான்கு முறை இடம் மாறியிருக்கிறேன். இரண்டு முறை வேலைக்காக, ஒரு முறை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால், ஒரு முறை சும்மா வீம்புக்கு. நான்கிலும் எனக்குச் சரிப்பட்ட அளவுகோல் ஒன்றுதான். வேலை முடிந்து கிளம்பும்போது வாயில் என்ன சொல் வருகிறது என்று கவனியுங்கள். "ரூமுக்குப் போறேன்" என்றோ "கிளம்பறேன்" என்று பாதியிலோ நின்றால் இன்னும் ஆகவில்லை. யோசிக்காமல் "வீட்டுக்குப் போறேன்" என்று வந்துவிட்டால் ஆகிவிட்டது. போன தடவை எனக்கு அது வர ஒரு வருடம் நான்கு மாதம் பிடித்தது. வந்த அன்றைக்கு எனக்கே தூக்கிவாரிப் போட்டது, பழைய வீட்டுக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்ட மாதிரி.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசி எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. நடுவில் மாட்டியவர்கள்தான் திண்டாடியிருக்கிறார்கள். படம் போட்டால் ஆங்கில யூ எழுத்து மாதிரி வரும். பதினோராவது மாதம் என்றால் நீங்கள் நிற்பது குழியின் அடியில். இனி ஏற்றம்தான்.

பிப்ரவரி 2, இரவு 11.15

படுக்கப்போகும்போது தோன்றியது. பிரிக்காத அட்டைப்பெட்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் ஒன்று மூன்று வீடு மாறியும் ஒட்டிய டேப்போடு அப்படியே இருக்கிறது. மேலே என் கையெழுத்தில் "முக்கியம்" என்று எழுதியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 3, காலை 7.05

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் பிடிக்காது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தூங்குகிறவர்களின் மூளையை அளந்து பார்த்திருக்கிறார்கள். பழகாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. வித்தியாசமான சத்தம் கேட்டால் எழுப்பிவிடத் தயாராக அரை விழிப்பில் கிடக்கிறது. அதே ஆட்களைச் சில நாள் கழித்து அதே இடத்தில் படுக்க வைத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஆக, உடம்பின் காவல்காரன் ஒன்றிரண்டு நாளில் படுத்துவிடுகிறான். உங்கள் மனசின் காவல்காரன் பதினோரு மாதமாக வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான்.

கையும் அப்படித்தான். என் பழைய வீட்டில் குளியலறை ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இடது பக்கம், தோள் உயரத்தில். இப்போதைய வீட்டில் அது உள்ளே வலது பக்கம். நாலைந்து மாதம் என் இடது கை வெறும் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளைச் சுவரில் அந்த ஓர் இடத்தில் மட்டும் விரல் அழுக்கு படிந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பிறகு ஒருநாள் சுவரைத் துடைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கறை திரும்ப வரவில்லை. கை எந்த நாளில் கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டவர் "எப்போது" என்று கேட்டதற்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். வந்த பிறகு, அதுவும் வேறு வேலையாகப் போகும்போது, தற்செயலாகத் தெரியும்.

மூளையில் இடத்துக்கென்றே செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டுபிடித்தார், 2014இல் அதற்கு நோபல் கிடைத்தது. எலியை வேறு அறையில் விட்டால் அந்தச் செல்கள் வேறு வரைபடம் போட்டுக்கொள்கின்றன, அதுவும் சீக்கிரமே. எலிக்கு வரைபடம் போதும், நமக்குப் போதவில்லை.

பிப்ரவரி 5, இரவு 10.20

"ஒத்த ரசனை உள்ளவர்களைத் தேடிப்பிடியுங்கள், குழுக்களில் சேருங்கள்" என்று மேலே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை. நானும் சேர்ந்தேன். ஒரு புத்தகக் குழு, ஒரு நடைக் குழு, ஒரு புகைப்படக் குழு. புத்தகக் குழுவில் யாரும் படிக்கவில்லை, நடைக் குழுவில் யாரும் நடக்கவில்லை, புகைப்படக் குழுவில் கேமரா விலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவை போய்விட்டு நிறுத்திவிட்டேன். இப்போது யோசித்தால் தப்பு அந்தக் குழுக்களில் இல்லை, அந்த இரண்டு மூன்றில்தான் இருக்கிறது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்குக் கொடுத்தார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற 50 மணி நேரம் போலப் பிடிக்கும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். வேலையிடத்தில் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு செலவிடுகிறீர்கள் என்று வையுங்கள். 200 மணி நேரம் சேர நூறு வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிட்ட நான் சேர்த்தது ஆறு மணி நேரம்.

அப்புறம் எனக்கு எது பலித்தது என்றால், பூங்காவில் ஒரு பெஞ்சு. சாயங்காலம் ஆறேகாலுக்கு அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன், எந்தத் திட்டமும் இல்லாமல், வீட்டுக்குள் மூச்சு முட்டியதால். எதிர்ப் பெஞ்சில் ஒரு பெரியவர். முதல் மாதம் பார்வை மட்டும். இரண்டாம் மாதம் தலையசைப்பு. ஒரு தடவை காய்ச்சலில் நான்கு நாள் போகவில்லை. ஐந்தாவது நாள் போனதும் அவர் கேட்டார்: "என்ன, ஆளைக் காணோம்?"

அவ்வளவுதான். பெயர் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பூங்காவில் நான் இல்லாதது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "ஆளைக் காணோம்" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

பிப்ரவரி 6, காலை 8.30

பக்கத்து வீட்டுக்காரரைத் தேடாதீர்கள், உங்களைப் போன்றவரைத் தேடுங்கள் என்று எழுதியவருக்கு: பக்கத்து வீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1950இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்று மூன்று பேர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுவரை ஒட்டிய வீட்டுக்காரரை நண்பர் என்றவர்கள் 41 சதவீதம். அதே மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 10 சதவீதம். நடந்தால் சில விநாடி தூரம்தான். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் அதிகம், ஏனென்றால் எல்லோரும் அவர்கள் வாசல் வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள். குணம், ரசனை எல்லாம் அப்புறம். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது முதலில்.

பிப்ரவரி 6, மதியம் 1.10

அந்தக் குடியிருப்பில் இருந்த எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, எல்லோரும் மாணவர்கள், எல்லோரும் புதிதாக வந்தவர்கள், அதனால்தான் பக்கத்து வீடு பலித்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் முப்பது வருடமாக இருக்கும் தெருவுக்குள் நீங்கள் ஒருவர் மட்டும் பெட்டியோடு வந்து இறங்கினால் கணக்கே வேறு.

பிப்ரவரி 9, இரவு 11.50

முதல் பதிவில் சொன்ன யூ எழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. லிஸ்கார்ட் ஒரே ஆளை மாதாமாதம் பின்தொடரவில்லை. வெவ்வேறு காலம் தங்கித் திரும்பியவர்களை ஒரு தடவை கேட்டு ஒப்பிட்டார். அது ஒரே ஆள் குழியில் இறங்கி ஏறிய கதை ஆகாது. 1998இல் வந்த ஓர் ஆய்வு, நியூசிலாந்துக்குப் படிக்கப்போன ஜப்பானிய மாணவர்களை வந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, பிறகு 4, 6, 12 மாதத்தில் என்று தொடர்ந்து கேட்டது. அதில் மோசமான நேரம் ஆரம்பத்தில்தான். தொடக்கத்தில் எல்லாம் இனிக்கும் தேனிலவுக் காலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேட்டவர் "அப்படியானால் இன்னும் ஏழு மாதத்தில் சரியாகிவிடும்" என்று பதில் போட்டிருக்கிறார். நாட்காட்டியில் கிழித்துக்கொண்டே வந்து, பதினெட்டாம் மாதம் முடிந்த மறுநாள் ஒன்றும் மாறவில்லை என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பழி எனக்கு வேண்டாம். என் நாலு வீட்டிலும் வளைவு ஒரே மாதிரி இருந்ததில்லை. இரண்டாவது வீடு முதல் வாரமே ஒட்டிவிட்டது, ஏனென்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது வீடு மூன்று வருடம் இருந்தும் ஒட்டவில்லை. காலி செய்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே இறங்கினேன்.

பிப்ரவரி 12, இரவு 9.00

பத்தொன்பது வருடமாக ஒரே தெருவில் இருப்பவர், இன்றும் தன்னை "வெளியே இருந்து வந்தவர்" என்றுதான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பூங்காப் பெஞ்சில் உட்காருங்கள், தானாக வரும் என்கிற மாதிரி நான் அளந்துவிட்டது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

ஒட்டுவது இரண்டு பக்கமும் நடக்க வேண்டிய வேலை. பசையை ஒரு பக்கம் மட்டும் எவ்வளவுதான் தடவினாலும் எதிர்ச் சுவர் ஈரமாக இருந்தால் பிடிக்காது. வீடு பார்க்கப் போனால் வாடகைக்கு முன்னால் பெயரைக் கேட்கிறார்கள். பெயரிலிருந்து பிறப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பத்தொன்பது வருடம் வரி கட்டியவரையும் "வந்தேறி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இவர்களிடம் போய் மணிக்கணக்கு போடச் சொல்வது அயோக்கியத்தனம். நான் இதுவரை எழுதியதெல்லாம் கதவு சாத்தியிருக்கும் ஆட்களுக்கு. பூட்டியிருக்கும் கதவுக்கு என்னிடம் யோசனை இல்லை.

அவர் எழுதியதில் ஒரு வரி மட்டும் மனதில் நிற்கிறது. தெரு நாய்க்குத் தன்னை அடையாளம் தெரியும், தெருவுக்குத்தான் தெரியவில்லை என்றார்.

பிப்ரவரி 14, காலை 6.40

தூக்கம் வரவில்லை. ஊர் ஏக்கம் என்பது நோயா என்று யாரோ கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் நோய்தான். 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சமர்ப்பித்த ஆய்வேட்டில்தான் அதற்கு "நாஸ்டால்ஜியா" என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் திரும்புதல், வலி என்ற இரண்டு சொல்லை ஒட்டிச் செய்த சொல். நிஜமாகவே வியாதி என்று நினைத்து, காய்ச்சல், பசியின்மை, படபடப்பு என்று அறிகுறி எல்லாம் எழுதியிருக்கிறார்.

அதில் வரும் ஒரு நோயாளி பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்கு வந்த மாணவர். கிட்டத்தட்டச் சாகக் கிடக்கிறார். சொந்த ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாகிறது. பயண ஏற்பாடு தொடங்கியதுமே மூச்சு சீராகிறது. பாசெலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஆள் தேறிவிடுகிறார். இன்னும் ஊர் வந்து சேரவில்லை, கவனியுங்கள். அவரைக் குணப்படுத்தியது வீடு இல்லை, போகலாம் என்ற அனுமதி.

என் மூன்றாவது வீடு ஒட்டாததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அங்கே இருந்த மூன்று வருடமும் வேலை ஒப்பந்தத்தால் நகர முடியாமல் கட்டிப்போட்ட மாதிரி இருந்தேன். இரண்டாவது வீட்டுக்கு நானாக, வீம்புக்குப் போனேன், வேண்டாமென்றால் மறுநாளே கிளம்பியிருக்கலாம். அதுதான் ஒரே வாரத்தில் ஒட்டியது. மேலே "ஏனென்று தெரியாது" என்று எழுதியது நான்தான். எழுதி ஐந்தே நாளில் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 20, இரவு 10.45

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார், "பேசாமல் திரும்பிப் போய்விடலாமா?" என்று. போகலாம், போகக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் திரும்பிப் போவதும் இன்னொரு இடமாற்றம்தான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்று ஒருவர். வியன்னாக்காரர், பகலில் வங்கிக்குச் சட்டவேலை, இரவில் தத்துவம். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு ஊர் திரும்ப முடியாமல், 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1944இல் புதிதாக வந்தவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உள்ளூர்க்காரன் எதையும் யோசிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் அவனிடம் பழகிப்போன குறிப்புகள் கைவசம் இருக்கின்றன, யாரிடம் எப்படிப் பேசுவது, எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று. புதிதாக வந்தவன் ஒவ்வொன்றையும் நின்று யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதம் காரணமே இல்லாமல் சாயங்காலம் ஆனால் அடித்துப்போட்ட மாதிரி அசதி வரும் இல்லையா, எனக்கு அதன் காரணம் இதைப் படித்தபோதுதான் விளங்கியது. அடுத்த வருடமே, 1945இல், அவர் வீடு திரும்புகிறவனைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார். விட்டுவந்த இடமும் அப்படியே இருப்பதில்லை, போனவனும் அதே ஆளாகத் திரும்புவதில்லை என்பது அதன் சாரம்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், போன வருடம். அங்கே இப்போது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு நாள் தங்கச் சொன்னார்கள். வாசல் முதல் கொல்லை வரை எல்லாம் அதேதான். நடுராத்திரி எழுந்து இருட்டில் தண்ணீர் குடிக்கப் போனேன். வழி கால்களுக்குத் தெரிந்தது. ஆனால் ஸ்விட்சுக்குக் கை போனபோது, உள்ளே வலது பக்கம் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டில் கை தப்பாகப் போகிறது. இருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அழுகை எல்லாம் வரவில்லை, ஆனால் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, காலை 9.15

ஆமாம், மேலே சொன்னது குளியலறை ஸ்விட்ச், இது சமையலறை ஸ்விட்ச். கண்டுபிடித்தவருக்குப் பாராட்டுகள். இப்போதைய வீட்டில் எல்லா ஸ்விட்சும் உள்ளே வலது பக்கம்தான். கட்டியவர் வலது கைப்பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது.

மார்ச் 1, இரவு 10.00

கேட்டவர் எழுதியிருக்கிறார்: குடியிருப்பில் தண்ணீர் விடும் நேரத்தை யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டார்கள், கோபம் வந்து குடியிருப்போர் சங்கத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன், பிறகு வெட்கமாக இருந்தது, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கென்ன உரிமை என்று.

ஐயா, நீங்கள் தேர்வில் தேறிவிட்டீர்கள்! விருந்தாளி புகார் செய்வதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் விசிறி ஓடாவிட்டால் வியர்த்துக்கொண்டு சிரிப்போம். வீட்டில் ஓடாவிட்டால்தான் கத்துவோம்.

என் கதை மாடிப்படி விளக்கு. வந்ததிலிருந்தே இரண்டாம் தளத்து விளக்கு எரியாது. எட்டு மாதம் போன் வெளிச்சத்தில் ஏறினேன், மனசுக்குள் "இந்த ஆட்கள் ஒரு பல்புகூட மாற்ற மாட்டார்கள்" என்று திட்டிக்கொண்டே. ஒருநாள் மூன்றாவது படியில் தடுக்கியது. அந்தப் படி மற்றதைவிட அரை அங்குலம் உயரம், இன்றைக்கும் அப்படித்தான். முழங்காலில் சிராய்ப்போடு எழுந்தபோது வாயில் வந்தது: "நம்ம மாடிப்படி ஏன் இப்படி இருக்கு?" இந்த ஆட்கள் போய் நாம் ஆகிவிட்டோம். மறுநாள் பல்பு வாங்கினேன். ஏணி இல்லை. தரைத்தளத்தில் இருந்தவரிடம் கேட்டேன், எட்டு மாதத்தில் முதல் பேச்சு. அவர் ஏணியையும் கொண்டுவந்து, கீழே பிடித்துக்கொண்டு, அந்த விளக்கு எத்தனை முறை எரிந்துபோயிருக்கிறது என்ற வரலாற்றையும் சொன்னார். பல்பில் கோளாறு இல்லை, ஹோல்டரில்தான் கோளாறு.

ஒரு பின்குறிப்பு. இப்போது அந்த விளக்கு போனால் எல்லோரும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

மார்ச் 8, இரவு 11.30

இதுவரை எழுதியதையெல்லாம் ஒரு தடவை மேலிருந்து படித்தேன். எல்லாம் தானாக இடம் மாறியவனின் பேச்சாக இருக்கிறது. என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறாள்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். வயது 68. "வந்துவிட்டாள்" என்று எழுதுகிறேன், உண்மையில் நாங்கள் முடிவு செய்தோம், அவள் தலையாட்டினாள். தனி அறை, நல்ல கட்டில், ஜன்னலுக்கு வெளியே மரம். எல்லாம் செய்துகொடுத்தாயிற்று என்று நினைத்தேன். ஒரு பொருளை எங்கேயாவது வைக்க வேண்டுமென்றால் "இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நாற்பது வருடம் ஒரு வீட்டையே கையில் வைத்திருந்தவள். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் நடக்கப் போயிருந்தபோது நான் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது. பூட்டிக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், அதே மூன்றாவது படியில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே அம்மா" என்றேன். "எதுக்கு? உன் வீட்டு வாசல்லதானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள், சாதாரணமாக.

உன் வீட்டு வாசல். வருடக்கணக்காக எந்தச் சொல் எப்போது வாயில் வருகிறது என்று எனக்கு நானே காது கொடுத்துக்கொண்டிருந்தவன், அம்மா என்ன சொல்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதைவிடக் கேவலம், வந்து அதுவரை எட்டு மாதம் ஆகியிருந்தது, அவளிடம் சாவி இல்லை. வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்போதும் வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைப்பு. அந்த எட்டு மாதமும் வெளியே போய்வந்த ஒவ்வொரு தடவையும் மணி அடித்துவிட்டு, யாராவது வந்து திறக்கும் வரை நின்றிருக்கிறாள்.

மறுநாள் ஒரு சாவி செய்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மணி அடிப்பதே இல்லை. நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தாலும், கதவு தாழ் போடாமல் இருந்தாலும்கூட, வெளியே நின்று பையைத் துழாவி, சாவியை எடுத்து, அதைத் திருப்பித்தான் வருகிறாள். புதுச் சாவி என்பதால் பூட்டில் கொஞ்சம் இறுக்கும், கரகரவென்று சத்தம் வரும். முதலில் யாரோ என்று பதறுவோம். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வந்துவிட்டாள் என்று தெரியும்.

அவளுக்கு இந்த இடம் ஒட்டிவிட்டதா? தெரியவில்லை. ஒட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். போன வாரம்கூட "நம்ம வீட்டுல" என்று ஆரம்பித்தது பழைய வீட்டைப் பற்றித்தான். அவளிடம் ஆராய்ச்சிக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 9, காலை 7.20

சாவியைப் பற்றி எழுதியதற்கு இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விடுதியில் இருக்கும் ஒருவர், தன் அறைக்குத் தானே பூட்டு வாங்கிப் போட்ட நாளிலிருந்துதான் தூங்கினேன் என்கிறார். மருமகளுக்கு ஆறு வருடமாகச் சாவி கொடுக்காத வீட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 23, இரவு 9.30

ஒரு செய்தி. மே மாதம் நாங்கள் மாறுகிறோம். ஐந்தாவது. வேலைதான் காரணம், இந்தத் தடவை வீம்பு இல்லை.

நேற்று ஒரு தாளில், அடுத்து குடிவரப் போகிறவர்களுக்காக இந்த வீட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது படி அரை அங்குலம் உயரம். இரண்டாம் தளத்து விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றாதீர்கள், ஹோல்டரைப் பாருங்கள், ஏணி தரைத்தளத்தில் இருக்கிறது. சமையலறைக் குழாயை மூடும்போது முழுக்க வலது பக்கம் திருப்பிவிட்டுக் கொஞ்சம் பின்னால் விட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி சொட்டும். மழைக்கு முன்னால் படுக்கையறைக் கதவு உப்பிக்கொள்ளும், கீழே உதைத்தால் திறக்கும். எழுத எழுத நின்றபாடில்லை, இரண்டு பக்கம் வந்துவிட்டது. இத்தனையும் எப்போது தெரிந்துகொண்டேன்? அந்த "முக்கியம்" பெட்டியையும் இந்த முறை பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. வண்டியில் ஏற்ற வசதியாகக் கட்டியபடியே இருக்கிறது, அப்படியே வரட்டும்.

அம்மாவிடம் புது வீட்டின் படங்களைப் போனில் காட்டினேன். ஜன்னல், அறை, எதிரே தெரியும் மரம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்: அந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி தருவார்கள் என்று.